பவளத்துக்கு எத்தனை வாட்?

கோயமுத்தூருக்குக் கடல் கிடையாது. மலை உண்டு, நொய்யல் உண்டு, குளங்கள் உண்டு, மில் சங்கு உண்டு. கடல் பார்க்க வேண்டுமென்றால் பாலக்காடு தாண்டிக் கேரளக் கரைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் ராமேஸ்வரம் பஸ் பிடிக்க வேண்டும்.

ஆனால் கணபதியில் ஒரு வீட்டு ஹாலில் நூறு லிட்டர் கடல் இருக்கிறது.

வீட்டுக்காரர் லேத் பட்டறை வைத்திருப்பவர். பம்பு கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பது அவர் தொழில். ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு கஸ்டமர் வீட்டுக்குப் போனவர், அங்கே இருந்த கடல் மீன் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்தார். அவ்வளவுதான். வந்ததிலிருந்து வேறு பேச்சே இல்லை. இரண்டரை அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றேகால் அடி உயரத்தில் கண்ணாடித் தொட்டி வந்தது. லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் பாக்கெட் உப்பு கரைத்தார்கள் (சமையல் உப்பு அல்ல மக்களே, கால்சியம், மெக்னீசியம் எல்லாம் கலந்த மீன் தொட்டி உப்பு). சிறுவாணித் தண்ணியே ஆனாலும் குளோரின் இருக்கிறது என்று ஆர்.ஓ. தண்ணிதான். ஒன்றரை மாதம் வெறும் தண்ணியை ஓட்டி, நல்ல பாக்டீரியா வளர்ந்த பிறகு இரண்டு கோமாளி மீன் விட்டார்கள். "நீமோ" படத்தில் வருமே, அதே மீன். மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் விஞ்ஞானிகள் இதைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்துப் பல வருடம் ஆகிறது. அதனால் கடலில் பிடிக்காத மீனே கிடைக்கிறது.

மீன் வந்தாச்சு. அடுத்து? பவளம்!

பவளம் என்றால் லைட் வேண்டும். லைட் என்றால் எது? இந்தக் கட்டுரையே அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான்.

*

முதலில் நடந்தது ஒரு சின்ன விபத்து. பட்டறையில் மிச்சமிருந்த 20 வாட் எல்.இ.டி. ட்யூபைக் கொண்டுவந்து தொட்டி மேலே மாட்டிவிட்டார். வெளிச்சம் பளிச்சென்று இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கூட வந்து பாராட்டிவிட்டுப் போனார். மூன்று வாரத்தில் கண்ணாடி, கல், மணல் எல்லாம் பச்சைப் பாசி. தினம் காலையில் பழைய ஏ.டி.எம். கார்டை வைத்துச் சுரண்டுவதே வேலையாகிப் போனது.

"ஏனுங்கப்பா, இது மீன் தொட்டியா கெணறா?" என்று கேட்டாள் மகள். இரண்டாம் வருடம் பி.காம். படிக்கிறாள்.

"வெளிச்சம் பத்தலையாட்ட இருக்குது கண்ணு. இன்னொரு ட்யூபு போட்டுப் பாக்கலாம்."

இங்கேதான் எல்லாரும் தப்புப் பண்ணுகிறார்கள். பிரச்சினை வெளிச்சம் எவ்வளவு என்பதில் மட்டும் இல்லை, எந்த நிறம் என்பதிலும் இருக்கிறது.

பவளம் என்பது செடி இல்லை, கல்லும் இல்லை. அது ஒரு பிராணி. ஜெல்லி மீனுக்கும் கடல் சாமந்திக்கும் சொந்தக்காரன். ஆனால் பவளப்பாறை கட்டுகிற பவளங்களின் சதைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பாசிகள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. ஜூக்ஸாந்தெல்லே என்று பேர். பாசி வெயிலை வைத்துச் சர்க்கரை சமைக்கும், அதில் பெரும்பங்கை வீட்டுக்கார பவளத்துக்கு வாடகையாகக் கொடுத்துவிடும். பல பவளங்களுக்குத் தேவையான சக்தியில் 90 சதவீதம் வரைக்கும் இந்த வாடகையிலிருந்தே வருகிறது என்கிறார்கள். ஆக, பவளத்துக்கு லைட் போடுவது அழகுக்கு இல்லை. சாப்பாடு போடுவது!

கடலுக்குள் எந்த வெளிச்சம் இறங்குகிறது என்று பார்த்தால் நிறம் ஏன் முக்கியம் என்பது புரியும். தண்ணீர் சிவப்பு வெளிச்சத்தைச் சில மீட்டருக்குள்ளேயே விழுங்கிவிடும். நீலம்தான் ஆழம் வரை போகும். கோடிக்கணக்கான வருடமாக அந்த நீலத்திலேயே வாழ்ந்து பழகிய பாசி அது. 420 முதல் 480 நானோமீட்டர் வரைக்குமான ஊதாவும் நீலமும்தான் அதற்கு விருந்து. கண்ணாடியில் படிகிற பச்சைப் பாசிக்கோ வீட்டு ட்யூபின் வெள்ளை வெளிச்சமே தாராளம். ஆக மூன்று வாரம் கரண்ட் செலவழித்து அவர் வேண்டாத பாசியை வளர்த்திருக்கிறார்.

இதில் ஒரு வேடிக்கை. வீட்டு எல்.இ.டி. பல்புக்குள்ளே இருப்பதும் நீல எல்.இ.டி.தான்! அதன் மேல் மஞ்சள் பாஸ்பர் பூச்சு பூசி வெள்ளையாக மாற்றுகிறார்கள். சிவப்பும் பச்சையும் முன்பே இருந்தன, பிரகாசமான நீலம்தான் பல காலம் யாருக்கும் பிடிபடவில்லை. 1990களின் தொடக்கத்தில் ஜப்பானில் அகாசாகி, அமானோ, நகாமுரா மூன்று பேரும் செய்து காட்டினார்கள். அதற்காக 2014இல் மூவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு. உலகம் முழுக்க வீட்டு விளக்கு மாறியதற்கும் கணபதியில் பவளம் வளர்க்க முடிவதற்கும் அதே கண்டுபிடிப்புதான் காரணம்.

*

சரி, கடைக்குப் போன கதைக்கு வரலாம்.

அப்பாவும் மகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நகருக்குள் ஒரு மீன் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை வாட் வேணுமுங்க?" இரண்டாவது, "எத்தனை லூமென்ஸ்?" இரண்டுமே தப்பான கேள்வி.

வாட் என்பது விளக்கு எவ்வளவு கரண்ட் தின்கிறது என்று சொல்லும், எவ்வளவு வெளிச்சம் தருகிறது என்று சொல்லாது. லூமென்ஸ் என்பது மனுசக் கண்ணுக்கு எவ்வளவு பிரகாசம் என்று சொல்லும். மனுசக் கண் பச்சைக்குத்தான் அதிகம் மயங்கும், நீலத்துக்கு மங்கல். அதனால் பவளத்துக்கு நல்ல நீல விளக்கு லூமென்ஸ் கணக்கில் மட்டமாகத் தெரியும், பாசி வளர்க்கும் வெள்ளை ட்யூப் முதல் ரேங்க் வாங்கும். எடை போடும் தராசை வைத்து நீளம் அளந்த மாதிரி.

சரியான அளவுக்குப் பேர் பார். ஒளிச்சேர்க்கைக்கு உதவும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையான ஒளித் துகள்கள் ஒரு நொடியில், ஒரு சதுர மீட்டரில் எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்ற கணக்கு. "பார் மீட்டர் வெச்சு அளக்கோணும்" என்று மகள் போனில் சொன்னதைக் கேட்டு, சமையலறையிலிருந்த ஆத்தா "எந்தப் பாருக்குடி போறீங்க ரெண்டு பேரும்?" என்று சத்தம் போட்டது தனிக்கதை.

உச்சி வெயிலில் கடல் மட்டத்தில் பார் அளவு 2000 வரை போகும். ஆழம் போகப் போகக் குறையும். தொட்டியில் வைக்கிற பவளங்களுக்கு அனுபவசாலிகள் சொல்லும் உத்தேசக் கணக்கு இது. காளான் பவளம், பொத்தான் பாலிப், தோல் பவளம் மாதிரி மெத்தென்ற ஜாதிக்கு 50 முதல் 150 போதும். பெரிய சதை உள்ள கல் பவளங்களும் ஏறக்குறைய 100, 150இல் பிழைக்கும். மான் கொம்பு மாதிரி கிளை விடும் அக்ரோபோரா வகைக் கல் பவளங்களுக்கு 200, 250, 350 என்று வேண்டும். இந்தக் கடைசி வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

*

மகள் பி.காம். என்று சொன்னது சும்மா இல்லை. வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டைத் திறந்து கோடு போட்டுவிட்டாள். ஒரு பக்கம் முதலீடு, ஒரு பக்கம் ஓட்டும் செலவு.

எல்.இ.டி. வருவதற்கு முன்னால் பவளத் தொட்டிக்காரர்கள் பயன்படுத்தியது மெட்டல் ஹாலைடு. கிரவுண்டுகளில் மேட்சுக்குப் போடுவார்களே, அந்த ஜாதி விளக்கு. ஒரு 250 வாட் விளக்கை ஒரு நாளைக்கு 10 மணி நேரம் எரித்தால் இரண்டரை யூனிட். இரண்டு மாதத்துக்கு 150 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது தெரியும் இல்லையா? அந்த இலவசத்தை முழுசாகத் தின்றுவிட்டு மேலே 50 யூனிட் கேட்கும் விளக்கு அது. ஏற்கெனவே ஃபிரிட்ஜ், மோட்டார், ஏ.சி. ஓடும் வீட்டில் மொத்தம் 500 யூனிட் தாண்டிவிட்டால் கட்டண விகிதமே வேறு பட்டியலுக்குப் போய்விடும். பில்லைப் பார்த்தால் பவளத்துக்கு முன்னால் வீட்டுக்காரர் வெளுத்துப் போவார்.

அதோடு சூடு. மெட்டல் ஹாலைடின் சூடு நேரே தண்ணிக்குள் இறங்கும். பவளத் தொட்டி 25, 26 டிகிரியில் இருந்தால் நல்லது. கோவையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இருந்தாலும் மார்ச், ஏப்ரலில் வெளியே 36, 37 சர்வசாதாரணம். அந்த நேரத்தில் மேலேயிருந்து ஒரு அடுப்பை வேறு மாட்டினால் சில்லர் வாங்காமல் தப்பிக்க முடியாது. சில்லருக்கு இன்னொரு கரண்ட் செலவு. எல்.இ.டி.யிலும் சூடு உண்டு, ஆனால் அது சிப்பின் முதுகுப் பக்கம் அலுமினியத் தகட்டில் ஏறி மேலே போய்விடும். தண்ணிக்கு அதிகம் வராது. வெப்பம் கடத்தும் அலுமினியத் தகடு என்றதும் பட்டறைக்காரருக்கு முகம் மலர்ந்தது. அவர் ஊர் பாஷை ஆயிற்றே!

90 வாட் எல்.இ.டி. 10 மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 54 யூனிட். 40 வாட் 8 மணி நேரம் என்றால் 19 யூனிட்டும் சில்லறையும். ரேடியான், கெசில் மாதிரி வெளிநாட்டுப் பேர்கள் உசத்தி, விலையும் உசத்தி. சீனாவிலிருந்து வருகிற கறுப்புப் பெட்டி விளக்குகள் மலிவு. மலிவு விளக்கு வாங்குகிறவர்கள் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். நீலமும் வெள்ளையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்க முடிகிறதா, லென்ஸ் எத்தனை டிகிரி, உப்புக் காற்றில் ஃபேனும் டிரைவரும் தாங்குமா. 60 டிகிரி லென்ஸ் வெளிச்சத்தை ஆழமாகக் குத்தும், ஆழம் அதிகமான தொட்டிக்கு அது. ஒன்றேகால் அடித் தொட்டிக்கு 120 டிகிரி பரவலே நல்லது. இல்லையென்றால் நடுவில் பொசுங்கும், ஓரத்தில் இருட்டு.

நோட்டின்படி 40 வாட் போதும். விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

*

முடியவில்லை. அடுத்த ஞாயிறு அப்பா தனியாகப் போனார். கடைக்காரர் ஒரு பெரிய விளக்கைப் போட்டுக் காட்டினார். 165 வாட். சும்மா சொல்லக் கூடாது, தண்ணியில் நெளிகிற அந்த நீல அலைகள் கடலுக்குள்ளேயே நிற்கிற மாதிரி இருந்ததாம்.

"இத மாட்டுனீங்கன்னா எந்தப் பவளம் வேணாலும் வெச்சுக்குலாமுங்க. கொம்புப் பவளமே நிக்கும். மன்னார் பக்கத்துச் சரக்கு ஒண்ணு வருது, சொல்லி வெக்கட்டுங்களா?"

அப்பா சொல்லி வைக்கச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். இரவு சாப்பிடும்போது மெதுவாக விஷயத்தை அவிழ்த்தார். கையில் முப்பதாயிரம் ரெடியாக இருக்கிறது, ஒரு பம்பு கம்பெனி பழைய பாக்கியைக் கொடுத்துவிட்டது, இருபத்தைந்து வருடத்தில் தனக்கென்று ஒன்றும் வாங்கிக்கொண்டதில்லை என்றார். கடைசி வரி உண்மை. அதனால் அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

மகள் மட்டும் "மன்னார் சரக்கா?" என்றாள். அன்று இரவு உட்கார்ந்து படித்தாள். காலையில் அப்பா காபி குடிக்கும்போது நோட்டோடு வந்தாள்.

1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணை என்று ஒன்று உண்டு. புலி, யானை எல்லாம் இருக்கும் அட்டவணை. 2001இல் அதில் கடல் பிராணிகள் பலவற்றைச் சேர்த்தார்கள். பாறை கட்டும் கல் பவளங்கள் அத்தனையும், கறுப்புப் பவளம், நெருப்புப் பவளம், குழாய்ப் பவளம், கடல் விசிறி, கடல் குதிரை எல்லாம் அதில் அடக்கம். ஒரு துண்டு அக்ரோபோராவும் ஒரு புலியும் சட்டத்தின் கண்ணில் ஒரே வரிசை! வாங்குவதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஏழு வருடம் ஜெயில். 2022இல் சட்டத்தைத் திருத்தியபோது குறைந்தபட்ச அபராதத்தையும் 25,000 ரூபாயாக உயர்த்திவிட்டார்கள்.

"அப்ப கடைக்காரன் எப்படி விக்கறான்?"

"அது அவுரு பாடுங்கப்பா. நம்ம வூட்டு ஹால்ல புலிக்குட்டி எதுக்குங்க?"

அப்பா பதில் சொல்லவில்லை. ஷோகேஸைப் பார்த்தார். அங்கே தாஜ்மகால் பொம்மைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கல் இருக்கிறது. 1995இல் ராமேஸ்வரம் போனபோது ஆத்தா கடற்கரைக் கடையில் வாங்கியது. பூ மாதிரி, சின்னச் சின்ன நட்சத்திர ஓட்டைகளோடு. இத்தனை வருடமாக எல்லாரும் அதைக் கல் என்றுதான் நினைத்திருந்தார்கள். அது அட்டவணைக்கு முந்திய காலம், கடை கடையாகக் குவித்து வைத்து விற்றார்கள். இன்று அதை யாரும் வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது. அன்றைக்குத்தான் அது ஒரு பிராணியின் எலும்புக்கூடு என்று அந்த வீட்டுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு நட்சத்திர ஓட்டையிலும் ஒரு உயிர் உட்கார்ந்து வெயில் காய்ந்திருக்கிறது.

*

மன்னார் வளைகுடாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவுகள். 1986இல் அதைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அந்தத் தீவுகளைச் சுற்றித்தான் பவளப்பாறைகள். நூற்றுக்கும் மேற்பட்ட கல் பவள இனங்களை அங்கே கண்டிருக்கிறார்கள். ஆனால் பூங்கா என்று அறிவிப்பதற்கு முன்பும் பின்பும் பல வருடம் அந்தப் பவளத்தை வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் தொழிற்சாலைக்கும் கொண்டுபோனார்கள். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்று இரண்டு தீவுகள் தண்ணிக்குள்ளேயே போய்விட்டன. அலையைத் தடுத்து நின்ற பாறை போனால் மணல் தீவு எத்தனை நாள் நிற்கும்?

வெட்டுவது நின்றது, அதற்குள் வெப்பம் வந்துவிட்டது. தண்ணிச் சூடு கோடையில் வழக்கத்தைவிட ஒரு டிகிரி ஏறிச் சில வாரம் நின்றாலே போதும். சூடும் வெயிலும் சேர்ந்தால் பவளத்துக்குள் இருக்கும் பாசி விஷத்தைக் கக்க ஆரம்பிக்கும். பவளம் குடித்தனக்காரனை வெளியே தள்ளிவிடும். நிறம் கொடுத்ததே அந்தப் பாசிதான், அதனால் பவளம் வெள்ளையாகிவிடும். சூடு சீக்கிரம் குறைந்தால் பாசி திரும்பி வரும். குறையாவிட்டால் பவளம் பட்டினியில் சாகும். மன்னார் வளைகுடாவில் 2010லும் 2016லும் இது பெரிய அளவில் நடந்தது. 2016இல் உயிருள்ள பவளப் பரப்பு 39 சதவீதம் அளவிலிருந்து 23 சதவீதம் அளவுக்கு இறங்கியது. ஒரே வருடத்தில்! 2024 ஏப்ரலில் உலகம் முழுவதற்குமான நான்காவது வெளுப்பு நடந்துகொண்டிருக்கிறது என்று விஞ்ஞானிகள் அறிவித்தார்கள்.

தூத்துக்குடியில் இருக்கும் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரர்கள் 2002 முதல் பவளத் துண்டுகளைக் கட்டிக் கட்டிக் கடலுக்குள் திரும்ப நட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒருபக்கம் இவர்கள் முக்குளித்து ஒவ்வொரு துண்டாக நடுகிறார்கள், இன்னொரு பக்கம் யாரோ ஒருத்தர் ராத்திரியில் உடைத்துப் பாலித்தீன் பையில் போட்டுக் கோயமுத்தூருக்கு அனுப்புகிறார் என்றால்?

அப்பா கடைக்கு போன் போட்டார். "அந்தப் பவளம் வேண்டாமுங்க. சொல்லி வெச்சிருந்தா வுட்ருங்க."

"சரீங்க. லைட்டாச்சும் எடுத்துக்கறீங்களா? நல்ல ஆஃபருங்க."

அப்பா போனைக் கையால் பொத்திக்கொண்டு மகளைப் பார்த்தார். லைட் வாங்கினால் என்ன? லைட் வாங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லையே?

அவள் சொன்ன பதிலுக்காகத்தான் இந்தக் கட்டுரை முழுவதும். காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு சங்க் காஸ்ட் என்றால் என்னவென்று தெரியும். போட்டுத் தொலைத்த காசு, திரும்ப வராது. ஆனால் மனசு மட்டும் அதை எப்படியாவது வசூல் பண்ணப் பார்க்கும். பிடிக்காத படமாக இருந்தாலும் டிக்கெட் எடுத்துவிட்டோமே என்று கடைசி வரை உட்கார்ந்திருப்பது அதனால்தான்.

"இன்னிக்கு வேண்டாம்னுதான் சொல்றீங்க. அந்த லைட் வூட்ல தொங்குச்சுன்னா ஆறு மாசத்துல உங்களுக்கே தோணுமுங்கப்பா. இத்தன காசு போட்டு வாங்கி வெறும் காளானுக்கா எரிக்கறதுன்னு. அப்பறம் நீங்களே அந்தக் கடைக்கு போன் போடுவீங்க."

யோசித்துப் பார்த்தால் எவ்வளவு உண்மை! எல்லாரும் முதலில் லைட் வாங்குகிறார்கள், பிறகு அதற்குக் கீழே என்ன வைக்கலாம் என்று தேடுகிறார்கள். தலைகீழாகச் செய்ய வேண்டும். எந்தப் பிராணியை நியாயமாக வைத்துக்கொள்ள முடியும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டுமோ அந்த அளவுக்கு மட்டும் லைட் வாங்க வேண்டும். 300 பார் தேடி வாங்குவதே பெரும்பாலும் கொம்புப் பவளத்துக்காக. அதைச் சட்டம் விடாது. விட்டாலும் இன்றைய கடலின் நிலைமையில் மனசு விடக் கூடாது. காளான் பவளம், பொத்தான் பாலிப், தோல் பவளம் ஆகியவை கல் பவள வகையில் சேராதவை, அந்தப் பட்டியலில் இல்லாதவை. அதற்காகத் தீவுப் பக்கம் போய் அள்ளிக்கொண்டு வரலாம் என்று அர்த்தமில்லை, தேசியப் பூங்காவுக்குள் எதையும் எடுக்கக் கூடாது. தொட்டியில் வளர்த்துப் பிரித்த துண்டு, பில்லோடு கிடைத்தால் மட்டும். அவற்றுக்கு 50 முதல் 150 பார். அதற்கு 40 வாட்.

நோட்டில் முதலில் எழுதிய அதே 40!

*

விளக்கு வந்தது. பட்டறைக்காரர் சும்மா இருப்பாரா? அலுமினியப் பைப்பில் ஏற்றி இறக்கும் ஸ்டாண்டு ஒன்று கடைந்து கொண்டுவந்தார். தண்ணி மட்டத்திலிருந்து பத்து அங்குலம் மேலே தொங்கவிட்டார்கள். பார் மீட்டர் விலை விளக்கைவிட ஜாஸ்தி, அதனால் அந்தக் கஸ்டமரிடமே ஒரு நாள் இரவல் வாங்கி அளந்தார்கள். மணலில் 60, நடுக் கல்லில் 110.

புதுசாக வாங்குகிறவர்களுக்காக அவர்கள் செய்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதல் வாரம் விளக்கு 25 சதவீதம்தான். வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி ஒன்றரை மாதத்தில் வேண்டிய அளவு. முதல் நாளே முழுசாகப் போட்டால் கடலில் நடக்கிற அதே வெளுப்பு தொட்டியில் நடக்கும். பவளம் சுருங்கி நிறம் வெளிறினால் வெளிச்சம் அதிகம். கழுத்தை நீட்டி மேலே மேலே எம்பினால் குறைச்சல். தினம் 8 மணி நேரம் டைமரில். நீலம் தூக்கலாக, வெள்ளை பாதிக்கும் கீழே. கோடையில் தண்ணி மேல் ஒரு சின்ன ஃபேன் வைத்தால் ஆவியாகி இரண்டு மூன்று டிகிரி குறையும். குறைந்த தண்ணிக்கு ஆர்.ஓ. தண்ணிதான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணி ஊற்றக் கூடாது. ஆவியாவது தண்ணி மட்டும்தானே, உப்பு உள்ளேயே இருக்கிறது. பொத்தான் பாலிப்பை வெறுங்கையால் வெட்டவோ, அது ஒட்டிய கல்லை வெந்நீரில் கொதிக்க வைக்கவோ கூடாது. சில இனங்களில் பாலிடாக்சின் என்ற கடும் விஷம் உண்டு, ஆவியைச் சுவாசித்தே குடும்பம் குடும்பமாக ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள்.

கரண்ட் கட் ஆனால்? 2012இல் கோவையில் நாளுக்குப் பாதி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இன்வெர்ட்டரில் லைட்டைக் கொடுக்க வேண்டாம், பம்பைக் கொடுங்கள். ஒரு நாள் இருட்டில் பவளம் சாகாது. கடலிலும் மழை, மேகம் உண்டே. தண்ணி ஓட்டம் நின்றால்தான் சில மணி நேரத்தில் ஆக்சிஜன் தீர்ந்து ஆபத்து.

மிச்சம் இருபதாயிரம் சொச்சம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அம்மாவிடம் போனது. திரும்பி வரவில்லை.

இப்போது அந்தத் தொட்டியில் நடுக் கல்லில் ஏழு காளான் பவளங்கள் இருக்கின்றன. வாங்கும்போது மூன்று. அவையே பிரிந்து ஏழாகிவிட்டன. சாயங்காலம் வெள்ளை அணைந்து நீலம் மட்டும் எரியும் அரை மணி நேரம் அவை பச்சையும் ஆரஞ்சுமாகத் தாமாகவே ஒளிர்கின்றன. நீல வெளிச்சத்தை வாங்கி வேறு நிறமாகத் திருப்பிக் கொடுக்கும் புரதம் அவற்றின் உடம்பில் இருக்கிறது. பட்டறையிலிருந்து வந்ததும் கை கழுவிவிட்டு அந்த அரை மணி நேரம் அவர் தொட்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். டி.வி. சீரியல் சத்தம்கூட அவருக்குக் கேட்பதில்லை.

ஆத்தா மட்டும் ஒரு நாள் ஷோகேஸிலிருந்து அந்த வெள்ளைக் கல்லை எடுத்து வந்து தொட்டி ஓரம் வைத்துப் பார்த்தாள்.

"இதும் இப்படித்தான் மின்னீருக்குமா சாமி?"

"ஆமாங்காத்தா. உசுரா இருந்தப்ப."

ஆத்தா கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு முந்தானையால் தூசி துடைத்து, இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

பி.கு.: ஜோசியர் செவ்வாய்க்கு மோதிரத்தில் போடச் சொல்கிறாரே சிவப்புப் பவளம், அது இந்தப் பாறைப் பவளம் இல்லை. மத்தியதரைக் கடல் பக்கம் வெளிச்சம் குறைந்த இடங்களில் வளர்கிற வேறு ஜாதி. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னாலேயே மேற்கேயிருந்து வந்த கப்பல்கள் முசிறியில் இறக்கிய சரக்குகளில் பவளமும் உண்டு. அதன் உடம்பில் பாசிக் குடித்தனம் கிடையாது, வெயிலும் தேவையில்லை. அந்தப் பவளத்துக்கு எத்தனை வாட் என்று கேட்டால் பதில் சுலபம். பூஜ்யம்!